இல்லாத புற்றுக்காக இழந்த மார்பகம்: ஒரு தங்கையின் கேள்விக்குப் பதில்

கேள்வியின் சுருக்கம் இது. முப்பத்தெட்டு வயதான அக்காவுக்கு இடது மார்பில் கெட்டியான பெரிய கட்டி ஒன்று வந்தது. ஊசியால் உறிஞ்சி எடுத்த எஃப்.என்.ஏ.சி. சோதனையில் புற்றுநோய் என்று சொல்லி, ஒரு தனியார் மருத்துவமனையில் மார்பகம் முழுவதையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் அகற்றிவிட்டார்கள். கீமோவுக்காக வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே பழைய ஸ்லைடுகளையும் அறுவையில் எடுத்த திசுவையும் வாங்கிப் பார்த்தவர்கள், இது புற்றே அல்ல, நாள்பட்ட அழற்சி என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் நேர்த்திக்கடன் செலுத்தி மகிழ்ந்திருக்க, அக்கா மட்டும் யாரோடும் பேசுவதில்லை. அவர் எப்படி மீள்வார், நாங்கள் என்ன செய்ய வேண்டும், வழக்குத் தொடரலாமா என்று தங்கை கேட்கிறார். அக்காவுக்குப் புற்று என்றதும் தனக்கும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்களே, அது இனி தேவையா என்பதையும் கூடவே கேட்டிருக்கிறார்.

நான் அறுவை மருத்துவர் அல்ல, மனநல மருத்துவரும் அல்ல. உடலிலிருந்து எடுத்த திசுவைச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்து, நோய்க்குப் பெயர் சொல்லும் பேத்தாலஜிஸ்ட். இத்தகைய பிழைகள் பெரும்பாலும் எங்கள் மேசையில் பிறந்து எங்கள் மேசையிலேயே பிடிபடுகின்றன. ஆகவே இந்தப் பக்கத்திலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன்.

முதலில் அக்காவின் மௌனத்தைப் பற்றி. ‘புற்று இல்லை’ என்ற செய்தி அறுவைக்கு முன்னால் வந்திருந்தால் அது கொண்டாட வேண்டிய செய்திதான். அறுவைக்குப் பிறகு வரும்போது, அது ஓர் அச்சத்தை நீக்கும் அதே கணத்தில் ஓர் அர்த்தத்தையும் பறித்துக்கொள்கிறது. உயிருக்கு ஈடாக மார்பைக் கொடுத்தேன் என்ற கணக்கில்தான் அவர் அந்த வடுவையும் தூக்க முடியாத கையையும் இரவில் வரும் வலியையும் சகித்திருப்பார். அந்தக் கணக்கு இப்போது பொய்த்துவிட்டது. இழப்பு அப்படியே இருக்கிறது, இழந்ததற்கான காரணம் மட்டும் இல்லை. ‘நல்லவேளை, கேன்சர் இல்லையே’ என்று வருவோர் போவோர் எல்லோரும் சொல்லும்போது, அழுவதற்குக்கூட உரிமை இல்லாதவராக அவர் தன்னை உணர்வது இயற்கை. அவருக்குள் நிம்மதியும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் இருக்கலாம். நிம்மதி அடைந்ததற்காகவே தன்மீது வெறுப்பும் வரலாம். இவை மனக்கோளாறின் அறிகுறிகள் அல்ல. அவருக்கு நேர்ந்ததை இழப்பு என்றே பெயர் சொல்லி, வீட்டார் அவரிடம் ஒரு முறையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் எந்த ஆறுதலும் உள்ளே இறங்காது.

மௌனத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கலாம். முதல் அறிக்கையை நம்பி மார்பைக் கொடுத்தவர், இரண்டாவது அறிக்கையை மட்டும் எதை வைத்து நம்புவார்? உண்மையில் புற்று இருந்து, இப்போது கீமோவை விட்டுவிடுகிறோமோ என்ற பயம் அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே நான் சொல்லும் முதல் காரியம் ஆறுதல் வார்த்தை அன்று, திசுவைப் பற்றிய உறுதி. என்ன நடந்தது என்று தெரியாத ஒருவரால் கோபப்படவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது.

ஸ்லைடுகளும், திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்குகளும் முதல் மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருக்கும் அல்லது இரண்டாவது இடத்துக்குப் போயிருக்கும். அவை எங்கே இருக்கின்றன என்பதை இன்றே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எஃப்.என்.ஏ.சி. ஸ்லைடு, அறுவைக்கு முன் பயாப்சி எடுத்திருந்தால் அதன் ஸ்லைடு, அகற்றிய மார்பகத்திலிருந்து செய்தவை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து, மார்பக நோய்களை அன்றாடம் பார்க்கும் மூன்றாவது ஒரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய நிலையங்கள் வெளியிடத்து ஸ்லைடுகளைப் பரிசீலிப்பது வழக்கமான பணி. இரு அறிக்கைகள் முரண்படும்போது, எல்லாத் திசுவுக்கும் வழக்கமாகப் போடும் ஹெச் அண்ட் இ சாயத்தோடு நிறுத்தாமல், செல்களின் இயல்பைக் காட்டும் இம்யூனோ சாயங்களையும் கேட்கலாம். ஸ்லைடு இன்னொருவருடையதோ என்ற சந்தேகம் எழுந்தால், மெழுகில் உள்ள திசுவின் டி.என்.ஏ.வை அக்காவின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி உண்டு. மாதிரிகள் இடம் மாறிப்போவது அபூர்வம் என்றாலும், நடக்கவே நடக்காத காரியம் அன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘அறுவையில் எடுத்த பகுதியில் புற்றுச் செல்கள் இல்லை’ என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டு, முதல் கண்டறிதலே பொய் என்று முடிவுகட்டும் குடும்பங்கள் உண்டு. அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்திருந்தால், அது புற்றை முழுவதுமாகக் கரைத்திருக்கலாம். அது சிகிச்சையின் மிகச் சிறந்த விளைவு. கட்டி மிகச் சிறியதாக இருந்தால் தடித்த ஊசியால் எடுத்த பயாப்சியிலேயே முழுவதும் வெளியே வந்திருக்கலாம். இவ்விரண்டிலும் முதல் அறிக்கை சரியானதே. உங்கள் அக்காவுக்கு அறுவைக்கு முன் கீமோ இல்லை, கட்டியும் பெரியது, மெல்லிய ஊசி அதை முழுவதும் எடுத்திருக்காது. ஆகவே இந்த விதிவிலக்குகள் அவருக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை. இருந்தாலும் முதல் எஃப்.என்.ஏ.சி. ஸ்லைடைப் பார்க்காமல் யாரும் இறுதி வார்த்தை சொல்லக்கூடாது.

பிழை எப்படி வந்திருக்கும்? மார்பகத்தில் வரும் கிரானுலோமேட்டஸ் மாஸ்டைடிஸ் என்ற அழற்சி, புற்றைப் போலவே வேடமிட்டு வருவதில் பேர்போனது. பெரும்பாலும் குழந்தை பெற்றுச் சில ஆண்டுகளுக்குள் இருக்கும் பெண்களுக்கு வரும். கல்போன்ற கட்டி, உள்ளிழுத்த காம்பு, தடித்த தோல், அக்குளில் வீங்கிய முடிச்சு என்று எல்லா அடையாளங்களும் ஒத்துப்போகும். மார்பகக் காசநோயும் இப்படித்தான். எஃப்.என்.ஏ.சி.யில் எங்களுக்குக் கிடைப்பது சிதறிய செல்கள் மட்டுமே. அவை திசுவில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது தெரியாது. அழற்சியால் வீங்கி உருமாறிய செல்கள், அவசரமான கண்ணுக்குப் புற்றுச் செல்களாகத் தோன்றும். அதனால்தான் கையால் பரிசோதித்தல், ஸ்கேன் அல்லது மேமோகிராம், திசுச் சோதனை ஆகிய மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்பதும், மார்பகத்தை அகற்றும் முன் தடித்த ஊசியால் திசுத் துண்டு எடுக்கும் கோர் பயாப்சி வேண்டும் என்பதும் நெறியாக இருக்கின்றன. உங்கள் அக்காவுக்குக் கோர் பயாப்சி செய்தார்களா என்ற ஒரு கேள்விக்கான விடை, மீதிப் பல கேள்விகளுக்கு விடை சொல்லும்.

எங்கள் துறையின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 115 பேத்தாலஜிஸ்ட்டுகளிடம் மார்பக பயாப்சி ஸ்லைடுகளைக் கொடுத்து, அவர்கள் சொன்னதை நிபுணர் குழுவின் முடிவோடு ஒப்பிட்டார்கள். பரவும் புற்று என்று நிபுணர்கள் முடிவுசெய்தவற்றில் நூற்றுக்கு 96 ஒத்துப்போயின; புற்றுக்கும் இயல்புக்கும் இடைப்பட்ட ‘அடிபியா’ என்ற வகையில் ஒத்துப்போனவை 48 மட்டுமே. தெளிவான நோயில் நாங்கள் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறோம், எல்லைக்கோட்டில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி மாறுபடுகிறோம் என்பதுதான் இதன் பொருள். இந்த எண் பிழைக்குச் சாக்கு ஆகாது. மாற்ற முடியாத அறுவைக்கு முன் இரண்டாவது கண் ஏன் தேவை என்பதற்கான காரணம். கேரளத்தின் கோட்டயத்தில் 2019-இல் ஒரு தனியார் ஆய்வக அறிக்கையை மட்டும் நம்பி, மருத்துவக் கல்லூரியின் சொந்த ஆய்வகம் முடிவு சொல்வதற்கு முன்பே ஒரு பெண்ணுக்குக் கீமோ தொடங்கி, பிறகு புற்றே இல்லை என்று தெரியவந்தது. அங்கே தவறியது ஒரு கண் மட்டும் அன்று, காத்திருக்கும் பொறுமையும்தான்.

தேவையற்றதாகப் பிறகு தெரியும் எல்லா அறுவையும் குற்றம் ஆகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணையத் தலையில் வரும் கட்டியையும் சூலகக் கட்டியையும் பல நேரங்களில் பயாப்சி இல்லாமலே எடுக்க வேண்டியிருக்கும். ஊசி குத்தினால் புற்று பரவும் அபாயமோ, விடை கிடைக்காமல் போகும் வாய்ப்போ இருப்பதால் அந்த நெறி. அப்படி எடுத்தவற்றில் ஒரு பகுதி சாதாரண அழற்சியாக முடியும், அதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். மார்பகம் அப்படிப்பட்ட உறுப்பு அல்ல. அங்கே ஊசி எளிதில் எட்டும், சில நாட்கள் காத்திருப்பதால் எதுவும் கெட்டுப்போகாது.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, அதன் பெயர் வஞ்சனை. இங்கிலாந்தின் பர்மிங்காம் பக்கத்தில் சோலிஹல் அரசு மருத்துவமனையிலும் ஸ்பயர் நிறுவனத்தின் தனியார் மருத்துவமனைகளிலும் மார்பக அறுவை மருத்துவராக இருந்த இயன் பேட்டர்சன், புற்று இல்லாதவர்களிடம் புற்று இருப்பதாகவோ வரப்போவதாகவோ மிகைப்படுத்திச் சொல்லி அறுவை செய்தவர். சாதாரணக் கட்டி என்று திசு அறிக்கை தெளிவாக எழுதியிருந்தும், நோயாளியிடம் வேறு கதை சொல்லப்பட்டது. 2017 ஏப்ரலில் நாட்டிங்காம் நீதிமன்றம் பத்து நோயாளிகள் தொடர்பாக அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அந்தப் பத்துப் பேரில் ஒருவர் ஆண். முதலில் விதித்த 15 ஆண்டுச் சிறைத்தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் 20 ஆண்டாக உயர்த்தியது. ஏறக்குறைய 750 பேருக்காக 3.72 கோடி பவுண்டு இழப்பீட்டு நிதி உருவாக்கப்பட்டது.

இந்த வழக்கை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் தண்டனையின் அளவு அல்ல. அந்த நோயாளிகளில் பலருக்கு அந்த மருத்துவர் அன்பானவர், நேரம் ஒதுக்கிப் பேசுபவர், உயிர் காத்தவர். அவரை வாழ்த்திக்கொண்டிருந்தவர்கள்தான், தங்களுக்கு நோயே இல்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத்தின் வழியாகத் தெரிந்துகொண்டார்கள். தாங்கள் பிழைத்து வந்தவர்கள் என்று தங்களையும் பிறரையும் நம்பவைத்து வாழ்ந்த ஆண்டுகள் ஒரே நாளில் அர்த்தம் மாறிப்போயின. பிஷப் கிரஹாம் ஜேம்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2020 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அதன் பரிந்துரைகளில் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது மிக எளிய ஒன்று: நோய் என்ன, என்ன செய்யப்போகிறோம் என்பதை மருத்துவர் எளிய மொழியில் நோயாளிக்கே கடிதமாக எழுத வேண்டும், குடும்ப மருத்துவருக்கு அதன் நகல் போனால் போதும். அதுவரை நடைமுறை இதற்கு நேர்மாறாக இருந்தது. ஒப்புதல் கையெழுத்துக்கு முன் யோசிக்கச் சிறிது காலம் கொடுக்க வேண்டும் என்பதும் அந்த அறிக்கையில் உண்டு. நம் ஊரில் அறுவைக்கு முந்தைய இரவில் நர்ஸ் கொண்டுவந்து நீட்டும் படிவத்தில் கையெழுத்திட்டுப் பழகிய நமக்கு, இவ்விரண்டும் இன்னும் தூரத்தில்தான் இருக்கின்றன.

உங்கள் அக்காவுக்கு நேர்ந்தது நோயின் ஏமாற்றா, மருத்துவரின் அவசரமா, வஞ்சனையா என்பதை அறிவது, மீள்வதற்கு வெளியே உள்ள காரியம் அன்று. திறமையுள்ளவர்களும் ஏமாறக்கூடிய ஒரு நோய் ஏமாற்றியது என்று தெரிந்தால் கோபம் ஒரு வடிவம் கொள்ளும். செய்ய வேண்டிய சோதனையைச் செய்யாமல் அவசரப்பட்டார்கள் என்று தெரிந்தால் வேறொரு வடிவம் கொள்ளும். தெரிந்தே செய்தார்கள் என்றால் அதன் இடம் நீதிமன்றம். எதுவும் தெரியாதவரை கோபம் வடிவமில்லாமல் உள்ளேயே சுற்றும். அப்போது பெரும்பாலும் அது தன்மீதே திரும்பும்: ‘நான்தானே கையெழுத்துப் போட்டேன்.’

அடுத்தது, பலரும் கேட்க மறக்கும் கேள்வி. புற்று இல்லை என்றால், இருந்தது என்ன? அழற்சி என்று எழுதிவிட்டுப் போவது போதாது. அது காசநோயா, வேறு கிரானுலோமேட்டஸ் அழற்சியா என்பதைத் திசுவில் காசநோய்ச் சாயம் போட்டும், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் போன்ற சோதனையாலும் பார்க்க வேண்டும். காசநோய் என்றால் முழுக்கால மருந்து வேண்டும். மற்ற வகை என்றால் ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் தேவைப்படலாம், சில பெண்களுக்கு அது மறு மார்பிலும் வரும். தவறான கண்டறிதலின் இரண்டாவது தீங்கு, உண்மையான நோய் கவனிப்பாரற்றுக் கிடப்பதுதான். நாளை வலது மார்பில் ஒரு சிறு கட்டி வந்தால் அக்கா எந்த மருத்துவமனையின் வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று நிற்கக்கூடும் என்பதால், இதை இப்போதே ஒரு நம்பிக்கையான மருத்துவரிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.

பிறகு, ஒட்டிக்கொண்ட பெயரை அகற்ற வேண்டும். மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் போன்ற மாத்திரை தொடங்கியிருந்தால், மூன்றாவது கருத்து வந்தவுடன் மருத்துவரிடம் சொல்லி அதை நிறுத்த வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மார்பகப் புற்று’ என்ற வரி இருக்கும்வரை, அவர் எங்கே போனாலும் அது முதலில் பேசும். மருத்துவக் காப்பீட்டில் அது ஒரு தடையாகும். பிற்காலத்தில் மாதவிடாய் நின்று ஹார்மோன் மருந்து தேவைப்பட்டால், புற்று வந்தவர் என்று சொல்லி மறுப்பார்கள். திருத்தப்பட்ட நோயறிக்கையை முதல் மருத்துவமனையின் கோப்பிலும் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். அவர்கள் மறுத்தால், இரண்டாவது மருத்துவமனையிடமாவது ‘முன்பு சொல்லப்பட்ட புற்றுநோய் உறுதியாகவில்லை’ என்று தெளிவாக ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இது சிறு வேலைபோலத் தோன்றும். ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கும்போதுதான் பலருக்கு முதல்முறையாக அழுகை வருகிறது என்பதை எங்கள் ஆய்வக வாசலில் பார்த்திருக்கிறேன்.

உடம்பைப் பற்றியும் கேட்க வேண்டியவை உண்டு. அக்குள் முடிச்சுகளை எடுத்தவர்களுக்குக் கை வீக்கம் உடனே வராமல் சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். புற்று இல்லை என்பதால் இந்த அபாயம் குறைவதில்லை. அந்தக் கையில் வெட்டுக்காயமும் பூஞ்சைப்புண்ணும் வராமல் காப்பது, வீக்கம் தொடங்கினால் உடனே பிசியோதெரபிஸ்டிடம் போய் அழுத்த உறை வாங்குவது, தோள் இறுகாமல் பயிற்சி செய்வது ஆகியவை தொடர வேண்டும். இல்லாத மார்பில் அரிப்பும் வலியும் இருப்பதாகத் தோன்றினால் அது கற்பனை அன்று, வெட்டுப்பட்ட நரம்புகளின் வேலை. அதற்கு மருந்து உண்டு. ஜாக்கெட்டுக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் பல விலைகளில் கிடைக்கிறது. மறுசீரமைப்பு அறுவையைப் பற்றி ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் பேசலாம். கதிர்வீச்சு கொடுக்கப்படாததால் தோலும் தசையும் நல்ல நிலையில் இருக்கும் என்பது அவருக்குச் சாதகம். ஆனால் அழற்சி முழுவதும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அக்கா வேண்டாம் என்றால் அதுவும் சரியான முடிவே. இன்னொரு முறை அறுவை மேசையில் படுப்பதை நினைக்கவே முடியாதவரை, அழகுக்காக என்று சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

மனத்தைப் பொறுத்தவரை, சில வாரங்கள் அழுகையும் தூக்கமின்மையும் இருப்பதை நோய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் கடந்த பின்னும் அறுவை அரங்கம் கனவில் திரும்பத் திரும்ப வருவது, டெட்டால் வாசனைக்கே உடல் நடுங்குவது, ஸ்கேன் அறைப் பக்கம் போகவே மறுப்பது, குழந்தைகளிடமிருந்தும் விலகிப்போவது ஆகியவை இருந்தால், விபத்திலோ தாக்குதலிலோ சிக்கியவர்களுக்கு வரும் அதிர்ச்சிக்குப் பிந்தைய நோயாக அது இருக்கக்கூடும். அதற்கென்றே வகுக்கப்பட்ட உளவியல் சிகிச்சைகள் உண்டு; வெறும் தூக்க மாத்திரையோடு முடித்துக்கொள்ள வேண்டாம். வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். புற்றிலிருந்து மீண்டவர்களின் கூட்டங்களுக்கு அவரை அழைத்துப் போக யாராவது சொன்னால், முதலில் அவரிடம் கேளுங்கள். மார்பு இழந்த அனுபவம் அங்கே பொதுவானது, ஆனால் ‘நான் வென்றேன்’ என்று பிறர் பேசும்போது தனக்குச் சொல்ல ஏதுமில்லை என்ற கூச்சம் இவருக்கு வரும். ஒரே ஒருவரோடு தனியாகப் பேசுவது இவருக்கு எளிதாக இருக்கலாம்.

வீட்டில் குற்றம் சுமத்தும் பேச்சு எழும், அதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும். அந்த மருத்துவமனையைச் சிபாரிசு செய்த சித்தப்பா, சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற அத்தான், நகையை அடகு வைத்துக் கொடுத்த அம்மா என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் தன்னையும் வெளியில் மற்றவரையும் குற்றம் சாட்டுவார்கள். புற்று என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு, அவசரப்படுவதுதான் அன்பு என்று எல்லோரும் நம்பியிருப்பீர்கள். அதில் அறியாமை இருந்தது, குற்றம் இல்லை. அத்தானிடம் தனியாக ஒரு சொல் சொல்லுங்கள்: ஒன்றுமே நடக்காததுபோல நடந்துகொள்வதையும், வடுவைப் பார்க்காமல் முகம் திருப்புவதையும் மனைவி ஒரே விதமாகத்தான் புரிந்துகொள்வார். ஊராருக்கு என்ன சொல்வது என்பதை அக்காவே தீர்மானிக்கட்டும். அவருடைய கதையை அவர் அனுமதியில்லாமல் கல்யாண வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

முதல் மருத்துவரைச் சந்திக்க வேண்டுமா என்றால், அக்கா விரும்பினால் வேண்டும் என்பேன். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகாமல், கேள்விகளை எழுதிக்கொண்டு இரண்டு பேர் போங்கள். கோர் பயாப்சி செய்யவில்லை என்றால் ஏன், ஸ்கேன் என்ன சொன்னது, அறுவைக்குப் பின் வந்த திசு அறிக்கையை யார் எப்போது படித்தார்கள் என்பவை கேட்க வேண்டியவை. மன்னிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். வழக்குக்குப் பயந்து நம் மருத்துவர்கள் வருத்தம் தெரிவிக்கவே தயங்குகிறார்கள். மன்னிப்புக் கேட்பது மட்டுமே பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று இங்கிலாந்தில் 2006-இலேயே சட்டம் எழுதி வைத்தார்கள். அப்படியொரு காப்பு இருந்தால் இங்கேயும் சில வாய்கள் திறக்கும் என்பது என் எண்ணம்.

வழக்கைப் பற்றிச் சுருக்கமாக. நான் வழக்கறிஞன் அல்லன், ஆகவே இதை ஒரு தொடக்கமாக மட்டும் கொள்ளுங்கள். சிகிச்சைப் பதிவேடுகளை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அதே விதிகளின்படி பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகாருக்குக் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மருத்துவரின் நடத்தை குறித்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் தனியாக முறையிடலாம். கண்டறிதல் தவறு என்பது மட்டும் அலட்சியத்தை நிரூபிக்காது. அதே நிலையில் ஒரு நிதானமான மருத்துவர் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அதற்கு இன்னொரு நிபுணரின் எழுத்துக் கருத்து தேவை, மூன்றாவது பேத்தாலஜிஸ்டின் அறிக்கை அங்கேயும் உதவும்.

ஒப்புதல் என்ற கோணத்தையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள். 2008-இல் உச்ச நீதிமன்றம் முடிவுசெய்த சமீரா கோலி வழக்கில், வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவியால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி வழியாகப் பரிசோதனை செய்யவே ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றியிருந்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது அந்தச் சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. நோயின் தன்மை, மாற்று வழிகள், சிகிச்சை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பவற்றைச் சொன்ன பிறகு பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்பதையும் அது வகுத்துச் சொன்னது. அந்த வழக்கில் கிடைத்த இழப்பீடு ரூ. 25,000 மட்டுமே என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வழக்கு பல ஆண்டுகள் இழுக்கும், ஒவ்வொரு வாய்தாவிலும் அக்கா அந்த நாட்களுக்குள் திரும்பிப் போக வேண்டியிருக்கும். தொடருவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவாக இருக்கட்டும். ஆனால் முடிவெடுக்கும் வழி அடைபடாமல் இருக்க, பதிவேடுகளையும் பிளாக்குகளையும் இப்போதே கைப்பற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் மேமோகிராம். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதில் மார்பகப் புற்று என்று உங்கள் கோப்பில் எழுதியிருப்பார்கள். மூன்றாவது அறிக்கையும் புற்று இல்லை என்று சொன்னால் அந்த வரி உங்கள் கோப்பிலும், அக்காவின் மகள் இருந்தால் அவள் கோப்பிலும் திருத்தப்பட வேண்டும். அம்மா, பாட்டி, அத்தை வழியில் வேறு யாருக்கும் இந்த நோய் இல்லையென்றால், உங்கள் வயதில் எல்லாப் பெண்களுக்கும் சொல்லும் அறிவுரையே உங்களுக்கும் போதும். எடுத்து முடித்த மேமோகிராமில் ஏதாவது குறிப்பிட்டிருந்தால் மட்டும் அதைத் தனியாகக் காட்டுங்கள், அப்போது அக்காவின் பழைய அறிக்கையைக் கூடவே நீட்ட வேண்டாம்.